தெரிந்தும் ஏன் செய்வதில்லை? கேள்வி பதில்

நாள்பட்ட நோய் உள்ளவர்களுக்கு ஆலோசனை சொல்லும் செவிலியராக இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்க்கிறேன். மருத்துவர் சொல்வதை மக்கள் ஏன் கடைப்பிடிப்பதில்லை என்பது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இதோ பதில்.

சிஸ்டர், அப்பாவுக்குப் பிரஷர். மாத்திரை போடச் சொன்னால், "எனக்குத்தான் ஒன்றும் செய்யலையே" என்கிறார். நன்றாகப் படித்தவர். ஏன் இப்படி?

அவர் பொய் சொல்லவில்லை. பிரஷர் பெரும்பாலும் வலிக்காது, தலையும் சுற்றாது. தலைவலி மாத்திரை போட்டால் அரை மணி நேரத்தில் பலன் தெரியும். பிரஷர் மாத்திரையின் பலனோ ஒன்றும் நடக்காமல் இருப்பதுதான். வராமல் போன பக்கவாதத்தை யார் பார்த்தது? அதனால் படிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டில் ஒரு பிரஷர் கருவி வாங்கி வையுங்கள். வாரத்தில் இரண்டு நாள் அவரே அளந்து, அவர் கையெழுத்திலேயே நோட்டில் எழுதட்டும். நீங்கள் சொன்னால் அது சண்டை. அவர் எழுதிய எண் அவரோடு பேசும்.

இது எங்கள் வீட்டில் மட்டும்தானா?

இல்லை. நீண்ட நாள் சிகிச்சையைச் சரியாகப் பின்பற்றுவோர் வளர்ந்த நாடுகளிலேயே சராசரியாக 50 சதவீதம்தான் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் சொன்னது. மருத்துவர்களும் இதற்கு விலக்கில்லை. 1847-ல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், மற்ற மருத்துவர்களையும் மாணவர்களையும் பிரசவ வார்டுக்குள் நுழையுமுன் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் சுமார் 18 சதவீதமாக இருந்த தாய்மார் இறப்பு ஜூனில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. அப்படியும் அவர் காலத்து மருத்துவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. தங்கள் கையே நோயைக் கொண்டுபோனது என்று ஒப்புக்கொள்வது அவ்வளவு கஷ்டம்.

நண்பன் சிகரெட்டை விட மாட்டேன் என்கிறான். நன்றாகப் பயமுறுத்தினால் விடுவானா?

பயம் ஆளை உலுக்கும். ஆனால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாவிட்டால் பயந்தவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 1965-ல் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய கையேடு கொடுத்துப் பார்த்தார்கள். கடுமையாகப் பயமுறுத்தும் கையேட்டைப் படித்தவர்கள் ஊசி அவசியம் என்று ஒப்புக்கொண்டார்கள். ஆனால் வெறும் கையேட்டோடு விடப்பட்டவர்களில் 3 சதவீதம் பேர்தான் ஊசி போடப் போனார்கள். ஊசி போடும் இடத்தைக் குறித்த வரைபடம் கொடுத்து, எப்போது போவாய் என்று யோசிக்கவும் வைத்தவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். அதனால் நண்பனிடம் நுரையீரல் படம் காட்டாதீர்கள். எந்த நேரத்து சிகரெட் இல்லாமல் இருக்கவே முடியவில்லை என்று கேளுங்கள். விட உதவும் சிகிச்சை இருக்கிறது, கூட வருகிறேன், எந்த நாள் போகலாம் என்றும் கேளுங்கள்.

மாமியார் மாத்திரை போட்டதாகச் சொன்னார். பார்த்தால் குப்பையில் கிடக்கிறது. ஏன் ஏமாற்றுகிறார்?

கோபம் வரத்தான் செய்யும். ஆனால் முதலில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இதய நோய் உள்ள ஒருவரை மாத்திரைப் பையோடு வரச் சொல்லியிருந்தேன். மூன்று மாத்திரை அட்டைகளையும் மேஜையில் பரப்பி வைத்தார். மூன்றும் ஒரே நாளில் வாங்கியவை. இரண்டு கிட்டத்தட்டக் காலி. மூன்றாவதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அது சிறுநீரை அதிகம் போக வைக்கும் மாத்திரை. "இதை மட்டும் ஏன் விட்டீர்கள்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "வேலைக்குப் போக ஒன்றரை மணி நேரம் பஸ் சிஸ்டர். நடுவில் எங்கே இறங்குவது?"

ஒவ்வொரு முறையும் அவரிடம் கேட்கப்பட்டது, "மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?" என்றுதான். அதற்கு எல்லோரும் சொல்லும் பதிலையே அவரும் சொல்லிவந்தார். மருத்துவரிடம் பேசினோம். அந்த ஒரு மாத்திரையை அவர் வீடு திரும்பிய பிறகு போடும்படி மாற்றிக் கொடுத்தார். அடுத்த முறை வந்தபோது மூன்று அட்டையும் ஒரே அளவுக்குக் காலியாக இருந்தன.

உங்கள் மாமியாருக்கும் ஒரு காரணம் இருக்கும். வயிற்றைப் புரட்டலாம். விழுங்கும்போது தொண்டையில் சிக்கலாம். "இவ்வளவு மாத்திரையா" என்ற பயமாகவும் இருக்கலாம். குப்பையில் பார்த்ததை வைத்துக் குற்றம் சாட்டினால், அடுத்த தடவை நீங்கள் பார்க்க முடியாத இடத்தில் போடுவார். தனியாக உட்கார்ந்து, "அத்தை, இதில் எந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கொள்ளலை?" என்று கேட்டுப் பாருங்கள்.

21 நாள் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே? எனக்கு நடைப்பயிற்சி அப்படி ஆகவில்லை.

21 நாள் கணக்கை நம்பித்தான் பலர் 22-ம் நாள் மனம் விட்டுப்போகிறார்கள். 2010-ல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்றில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக மாற சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிய பாதிப்பு இல்லை என்றும் அதில் தெரிந்தது. விட்டுப்போன நாளை எண்ணாதீர்கள், நாளை செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டுங்கள்.

நான் மருத்துவர். ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கிறது. என்ன செய்ய முடியும்?

ஒரு கேள்வியை மாற்றுங்கள், டாக்டர். "எல்லோருக்கும் சில நாள் மாத்திரை விட்டுப்போகும், போன வாரம் உங்களுக்கு எத்தனை நாள்?" என்று கேட்டால் உண்மை வரும். நேரம் இருந்தால், சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்.

காசநோய்க்கு ஆறு மாதம் மாத்திரை என்றார்கள். இரண்டாம் மாதமே இருமல் நின்றுவிட்டது, நிறுத்திவிட்டேன். பத்து நாள் ஆகிறது. இப்போது போனால் திட்டுவார்கள் என்று பயமாக இருக்கிறது.

தயவுசெய்து நாளைக் காலையே போங்கள். இருமல் நின்றாலும் கிருமி உள்ளே மிச்சம் இருக்கும். பாதியில் விட்டால் நோய் திரும்ப வரலாம், மருந்துக்கு அடங்காத கிருமியாகவும் மாறலாம். அப்போது சிகிச்சை இன்னும் கடினம். நீங்களாகவே பழைய மாத்திரையைத் தொடங்க வேண்டாம். எத்தனை நாள் விட்டீர்கள் என்பதை வைத்து அவர்கள் முடிவு செய்வார்கள், அதனால் பத்து நாள் என்றால் பத்து நாள் என்றே சொல்லுங்கள். திட்டினால் இரண்டு நிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் வீட்டில் யாரையாவது கூட்டிப் போங்கள். போய் வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.