60 மி.மீ. ரிம்மும் முட்டுக்காட்டுக் காற்றும்

கேள்வி: ஞாயிறுதோறும் நீலாங்கரையிலிருந்து சைக்கிளில் மாமல்லபுரம் போய்த் திரும்புகிறேன். எடை 61 கிலோ, சராசரி வேகம் மணிக்கு 28 கி.மீ. டிஸ்க் பிரேக் வண்டி, டயர் அகலம் 28 மி.மீ. கார்பன் வீலுக்குப் பணம் சேர்த்துவிட்டேன். ரிம் ஆழம் (டயர் உட்காரும் விளிம்பிலிருந்து வீலின் நடுவை நோக்கி ரிம் இறங்கும் அளவு) 45 மி.மீ. போதுமா, 60 வாங்கலாமா? 60-இல் மிதிக்கும் சக்தியில் 12 வாட் மிச்சம் என்கிறது விளம்பரம்.
(நீலாங்கரை வாசகர்)

பதில்: அந்த 12 வாட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வேகம் போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள். பெரும்பாலும் 45 அல்லது 48 கி.மீ. இருக்கும். காற்றைப் பிளந்து போகச் செலவாகும் வாட், வேகத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். 45-இல் 12 வாட் என்றால் உங்கள் 28-இல் ஏறக்குறைய 3 வாட். மெதுவாகப் போகிறவர் ரோட்டில் அதிக நேரம் இருப்பதால் மிச்சமாகும் நொடிகள் குறையாது என்று கடைக்காரர் சொல்வார். அதுவும் பொய்யில்லை. ஆனால் எந்த வீலோடு ஒப்பிட்டு 12 என்கிறார்கள்? ஆழமில்லாத அலுமினிய ரிம்மோடு என்றால், 45-க்கும் 60-க்கும் இடையில் உங்களுக்குக் கிடைப்பது அந்த மூன்றிலும் ஒரு துண்டுதான்.

இனி உங்கள் ரோட்டுக்கு வருவோம். இ.சி.ஆர். என்கிற கிழக்குக் கடற்கரைச் சாலை வடக்கு தெற்காக ஓடுகிறது, கடற்காற்று கிழக்கிலிருந்து வருகிறது. போகும்போதும் பக்கக்காற்று, திரும்பும்போதும் பக்கக்காற்று. வேடிக்கை என்னவென்றால், ஆழமான ரிம்முக்கு லாபமே காற்று கொஞ்சம் சாய்ந்து அடிக்கும்போதுதான். பாய்மரம் மாதிரி வேலை செய்யும். அதே காற்று முன் வீலைப் பிடித்து ஹேண்டிலைத் திருகவும் செய்யும். சீராக அடித்தால் சமாளிக்கலாம். ஒரு பஸ் நம்மைக் கடக்கும்போது காற்று ஒரு கணம் அறுந்து, பஸ் போனதும் மொத்தமாக வந்து அறைகிறதே, அதுதான் ஆபத்து.

நண்பர் ஒருவரின் 80 மி.மீ. வீலை இரவல் வாங்கி ஒருமுறை முட்டுக்காடு பாலத்தில் ஏறினேன். இரண்டு பக்கமும் தண்ணீர், காற்றை மறைக்க ஒன்றுமே இல்லை. பாதிப் பாலத்தில் இறங்கி உருட்ட ஆரம்பித்தேன். தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர், "பஞ்சரா சார்?" என்றார். ஆமாம் என்றேன். அன்றைக்கு என் எடை 74 கிலோ. உங்களுக்கு 61.

எனவே முன்னால் 45-க்கு மேல் வேண்டாம். 60 ஆசை விடவில்லை என்றால் பின் வீலில் மட்டும் போடுங்கள். பின் வீல் திரும்புவதில்லை, உடம்பின் எடையில் பெரும்பங்கும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

ஆழத்தை மட்டும் கேட்டீர்கள். அகலத்தையும் கேட்டிருக்க வேண்டும். முன்பு ஸிப் என்ற வீல் நிறுவனத்தில் பொறியாளராக இருந்த ஜோஷ் போர்ட்னர் சொன்ன கணக்கு ஒன்றுண்டு, 105 விதி என்பார்கள். ரிம்மின் வெளி அகலம், டயர் அகலத்தைப் போல 105 சதவீதமாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் டயரைத் தாண்டிய காற்று ரிம்மில் ஒட்டாமல் பிய்த்துக்கொண்டு போய்விடும். ஆழத்துக்குக் கொடுத்த காசு வீண். டயரில் எழுதியிருக்கும் 28-ஐ நம்பாதீர்கள். காற்றடித்துவிட்டு வெர்னியர் வைத்து அளங்கள். அகலமான ரிம்மில் 29 காட்டினால் ரிம் 30.5 வேண்டும்.

இன்னொன்று, ஹூக்லெஸ் ரிம் (டயர் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இல்லாதது) என்றால் காற்றழுத்தம் 5 பாருக்கு மேல் கூடாது, அதாவது 72.5 பி.எஸ்.ஐ. உங்கள் எடைக்கு அவ்வளவு தேவையும் இல்லை. ஆனால் அந்த ரிம்முக்கு ஏற்றது என்று டயர் கம்பெனி எழுதிக் கொடுத்த டயரையே போடுங்கள். 2024 யு.ஏ.இ. டூர் சைக்கிள் பந்தயத்தில் பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் விழுந்து டயர் கழன்று கிடந்ததிலிருந்து இதைப் பற்றிய சண்டை ஓயவில்லை. எனக்குக் கொக்கி வைத்த ரிம்தான் பிடிக்கும். பழைய ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அண்ணா, என்னுடையது ரிம் பிரேக் வண்டி, பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கும். மாதம் ஒருமுறை கோத்தகிரி ஏறி இறங்குவேன். பழைய கார்பன் வீல் செட் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?
(கோவை வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. அலுமினியம் பிரேக் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். கார்பன் பிடித்து வைத்துக்கொள்ளும். நார்களை ஒட்டியிருக்கும் ரெசின் சூட்டில் இளகும். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் விடாமல் பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்து, கீழே டீக்கடையில் ரிம்மைத் தடவிப் பார்த்தால் பிரேக் பிடிக்கும் இடம் அப்பளம் மாதிரி உப்பியிருந்தது. என் சொந்த வீல்தான். அதைத் தொங்கவிட்டிருக்கிறேன், பட்டறைக்கு வந்தால் காட்டுகிறேன். சமவெளிக்கு மட்டும் என்றால், கார்பனுக்கென்றே வரும் பிரேக் கட்டை போட்டு ஓட்டலாம். சூடு தாங்காத லேட்டக்ஸ் ட்யூப் மட்டும் கூடாது.

கேள்வி: சீனாவிலிருந்து நேரே வரவழைக்கும் வீல்களை நம்பலாமா?
(திருச்சி வாசகர்)

பதில்: பெரிய பெயர் ஒட்டிய ரிம்களிலும் பல அங்கேயும் தைவானிலும்தான் தயாராகின்றன. ஊரைப் பார்க்காதீர்கள், போக்ஸ் கம்பியைப் பாருங்கள். பெல்ஜியத்து சேபிம், சுவிட்சர்லாந்து டி.டி. மாதிரி தனியாக வாங்கக்கூடிய எஃகுக் கம்பியா? நிப்பிள் (கம்பியை ரிம்மோடு முறுக்கிப் பிடிக்கும் திருகு) வெளியே தெரிகிறதா, ரிம்முக்குள் ஒளிந்திருக்கிறதா? ஒளிந்திருந்தால் கால் சுற்றுக் கோட்டம் எடுக்கக்கூட டயர், டேப் எல்லாம் கழற்ற வேண்டும். அப்பா மதுரை சிம்மக்கல் கடையில் வீலை வண்டியிலேயே சுற்றவிட்டு, வாயில் பீடியோடு இரண்டு நிமிஷத்தில் கோட்டம் எடுப்பார். எனக்கு இந்த ஒளிந்த நிப்பிள் வீல் வந்தால் ஒரு மத்தியானம் போகிறது. அதற்குத் தகுந்த கூலியும் வாங்குகிறேன். வாங்கும்போதே அதே நீளத்தில் நாலு கம்பி கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின் வீலில் இடமும் வலமும் நீளம் வேறாக இருக்கும், இரண்டிலும் கேளுங்கள்.