மீறிப்போனால் டீச்சர்தானே?

அன்புள்ள ஐயா,

நம் நாட்டு விஞ்ஞானி சிரில் பொன்னம்பெரும பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தீர்கள். தத்துவம் படித்தவர் எப்படி இரசாயனவியல் பேராசிரியரானார்? என்னதான் ஆராய்ச்சி செய்தார்? என் மகள் பேராதனையில் இரசாயனவியல் சிறப்புப் பட்டம் செய்யப்போகிறாளாம். மச்சான்மார், "மீறிப்போனால் டீச்சர்தானே" என்கிறார்கள்.

ஒரு வாசகர், ஹட்டன்

அன்புள்ள நண்பருக்கு,

முதல் பட்டம் தத்துவம்தான். சென்னைப் பல்கலைக்கழகம், 1948. அப்புறம் லண்டன் பேர்க்பெக் கல்லூரி. வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் படிக்கிற இடம் அது. அங்கே இரசாயனவியல் பட்டம் 1959இல். அமெரிக்காவின் பேர்க்லியில் இரசாயனவியலாளர் மெல்வின் கல்வினிடம் கலாநிதிப் பட்டம் வாங்கும்போது 1962. பிறந்தது 1923இல், காலியில். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பிறகு நாசா, 1971 முதல் மேரிலண்ட் பல்கலைக்கழகம். 1984இல் நம் கண்டி ஹந்தானையில் உள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்துக்குப் பணிப்பாளராக வந்தார்.

உயிர் வருவதற்கு முன் அதற்கான சாமான்கள் எப்படி வந்தன என்பதுதான் அவர் கேள்வி. மீதேன், அமோனியா, நீர் கலந்த கலவையில் இலத்திரன் கற்றையைப் பாய்ச்சினால் டிஎன்ஏவில் உள்ள அடினைன் உண்டாவதை 1963இல் காட்டினார்கள். எனக்குப் பிடித்தது இன்னொன்று. 1969இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் ஒரு விண்கல் விழுந்தது. அதில் அமினோ அமிலங்கள் இருந்தன. இருந்தால் என்ன, கல்லைத் தொட்டவரின் விரல் வியர்வையிலும்தான் இருக்கும்! ஆனால் பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு இடக்கை, வலக்கை போல இரண்டு வடிவம் உண்டு. உயிர்கள் புரதம் கட்ட இடக்கையைத்தான் எடுக்கும். கல்லில் இரண்டும் ஏறக்குறையச் சரிபாதி. புரதத்தில் சேராத அமிலங்களும் கிடைத்தன. ஆக, வியர்வை இல்லை, வானத்திலிருந்தே வந்தவை. 1970இல் அவரும் கூட்டாளிகளும் இதை வெளியிட்டார்கள். "நாசா விஞ்ஞானி, நம்மாள்" என்று பீற்றிக்கொள்கிறவர்கள் இந்தச் சந்தேகப் புத்தியைச் சொல்வதேயில்லை.

ஆனாலும் அவரை உங்கள் மகளுக்கு உதாரணமாகக் காட்டமாட்டேன். நாற்பதை நெருங்கும்வரை படிக்கத் தோட்ட லயத்துப் பிள்ளைக்கு எங்கே முடிகிறது? கிட்டத்திலேயே வேலை இருக்கிறது. தேயிலையைப் புளிக்க வைப்பதாகச் சொல்கிறோம். உண்மையில் எதுவும் புளிப்பதில்லை. ரோலரில் நசுங்கிய கொழுந்தின் நொதியமும் காற்றின் ஒட்சிசனும் சேர்ந்து கொழுந்திலுள்ள கேட்டெகின் என்ற நிறமற்ற பொருளைத் தியாஃபிளேவின் என்ற நிறப்பொருளாக்குகின்றன. கோப்பையில் நாம் பார்க்கிற நிறத்தின் அந்தப் பளிச்சென்ற தன்மையில் பெரும்பங்கு அதற்குத்தான். இதையெல்லாம் ஆராய்கிற நிறுவகம் தலவாக்கலையில், உங்களுக்கு பஸ் தூரத்தில் இருக்கிறது.

சரி, டீச்சர் விஷயம். நான் உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்த வருடம் எங்கள் பாடசாலைக்கு இரசாயனவியல் படிப்பிக்க ஆள் வரவில்லை. ஆறு மாதம் பார்த்துவிட்டுக் கலைப் பிரிவுக்கு மாறினேன். மச்சான்மாரிடம் இதையும் சொல்லுங்கள்.