கம்பி இருந்தது, அறுத்துவிட்டார்கள்

கேள்வி: தொலைபேசிக் கம்பிகூட இல்லாமல் கிடந்த அல்பேனியா, இன்று அரசாங்க வேலை முழுவதையும் இணையத்துக்கு மாற்றிவிட்டதாமே! இத்தனை சின்ன நாட்டுக்கு இது எப்படி முடிந்தது?
– வாசகி ஒருவர், கரூர்

பதில்: கம்பி இருந்தது. ஜனங்கள்தான் அறுத்துவிட்டார்கள்.

கம்யூனிஸ்ட் ஆட்சி கவிழ்ந்த கையோடு, 1992இல், அல்பேனியக் கிராமத்து ஜனங்கள் சுமார் ஆயிரம் ஊர்களுக்குப் போன தொலைபேசிக் கம்பியை வெட்டி எடுத்து வேலி கட்டிக்கொண்டார்கள். இந்தச் சம்பவத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ‘பாருங்கள், எவ்வளவு பின்தங்கிய ஜனம்’ என்கிற தொனியில் எழுதுகிறார்கள். அந்தத் தொனியோடு எனக்கு நெடுநாள் சண்டை. முந்தைய வருஷம், 1991 ஜூலையில்தான் கூட்டுப் பண்ணைகளைக் கலைத்து நிலத்தைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுக்கச் சட்டம் வந்தது. பல பத்தாண்டுகளாக ‘என் வயல்’ என்று வாயால் சொல்ல முடியாதவருக்கு ஒரு துண்டு நிலம் கைக்கு வருகிறது. ஆடு மேயும், மாடு மிதிக்கும், பக்கத்துக்காரர் வரப்பைத் தள்ளி வெட்டுவார். வேலி வேண்டும். கையில் காசில்லை, கம்பியோ தலைக்கு மேலே போகிறது. அந்தக் கம்பியில் அவர் யாரோடு பேசியிருக்கிறார்? ஊருக்கு ஒரு தொலைபேசி என்று வைத்தது அரசாங்கம் ஊரைக் கூப்பிடுவதற்கு. தனக்கு எந்நாளும் உதவாத கம்பியை அவர் முதல்முறையாகத் தனக்கு உதவ வைத்தார். அதில் எனக்குத் தப்பே தெரியவில்லை.

நம் தமிழில் கம்பிக்குத்தான் எத்தனை வேலை! கம்பி எண்ணலாம், கம்பி நீட்டலாம். அல்பேனியர்கள் இரண்டையும் செய்திருக்கிறார்கள். என்வர் ஹோஜா 1944 முதல் 1985இல் சாகும்வரை ஆண்ட காலத்தில் எல்லையில் முள்கம்பி. தாண்டப் பார்த்து உயிரோடு மாட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். வீட்டில் இருந்தவர்களையும் சும்மா விடமாட்டார்கள், தொலைதூர ஊருக்குக் கொண்டுபோய் அடைத்துவிடுவார்கள். அப்புறம் 1991 ஆகஸ்ட். கியூபாவிலிருந்து சர்க்கரை ஏற்றிக்கொண்டு துராஸ் துறைமுகத்துக்கு வந்து நின்றது ‘வ்லோரா’ என்ற கப்பல். சுமார் 20,000 பேர் அதில் ஏறி, கயிற்றிலும் ஏணியிலும் தொங்கிக்கொண்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலியின் பாரி நகருக்குக் கம்பி நீட்டினார்கள். பெரும்பாலோரை இத்தாலி திருப்பி அனுப்பிவிட்டது.

ஏன் இத்தாலி என்று கேட்டால், அங்கேதான் நீங்கள் கேட்ட தொலைத்தொடர்பு வருகிறது, அதுவும் கம்பியே இல்லாமல். வெளிநாட்டு ஒளிபரப்பைப் பார்க்கத் தடை இருந்த காலத்திலேயே இத்தாலியத் தொலைக்காட்சியைத் திருட்டுத்தனமாகப் பார்த்துப் பார்த்து, ஒரு தலைமுறையே பள்ளிக்கூடம் போகாமல் இத்தாலிய மொழி கற்றுக்கொண்டது. அலைகளைப் பிடிக்க வீட்டிலேயே ஒரு கருவி செய்தார்கள். காலியான பானத் தகரக் குவளைதான் அதற்கு உடம்பு; உள்ளே ஒன்றிரண்டு மின் உறுப்புகள், வெளியே ஒரு ஒயர். அலைவாங்கியோடு சேர்த்துவிட்டால், கடலுக்கு அப்பால் யாரோ பாடுகிற பாட்டு தலைநகர் டிரானாவில் ஒரு சின்ன அறைக்குள் கேட்கும், மங்கலாகப் படமும் தெரியும். தகரக் குவளைக்குச் சொல்லும் ‘கனோச்சே’ என்ற பெயரே அந்தக் கருவிக்கும் நிலைத்துவிட்டது. ஒரு நாட்டின் இணைய வரலாற்றை யாராவது என்னிடம் எழுதச் சொன்னால், அந்தக் குவளையிலிருந்துதான் ஆரம்பிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் கொல்கத்தாவின் அன்னை தெரசா அல்பேனியர். பிறந்தது அல்பேனியாவுக்கு வெளியே, இன்றைய வடக்கு மாசிடோனியாவின் ஸ்கோப்யேயில். அவருடைய அம்மாவும் அக்காவும் டிரானாவில் இருந்தார்கள். சாவதற்குள் மகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்று அம்மா ஏங்கினார். ஹோஜாவின் அரசு அவர்களை வெளியே விடவும் இல்லை, இவரை உள்ளே விடவும் இல்லை. 1972இல் அம்மா போனார், மறுவருஷம் அக்கா. தெரசா அந்த மண்ணை மிதித்தது 1989இல். பார்க்க முடிந்தது கல்லறைகளை. இன்று டிரானா விமான நிலையத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். உலகமே அறிந்த ஒருவருக்கே இந்தக் கதி என்றால், சாதாரண வீடுகளில் எத்தனை அம்மாக்கள் குரல் கேட்காமலே போயிருப்பார்கள்!

அதனால் ‘எப்படி முடிந்தது’ என்ற உங்கள் கேள்விக்கு, தொழில்நுட்பம் என்று நான் பதில் எழுத மாட்டேன். பிரிவுதான் காரணம். 1991க்குப் பிறகு லட்சக்கணக்கானவர்கள் கிரீஸுக்கும் இத்தாலிக்கும் வேலைக்குப் போனார்கள். மகன் ஏதென்ஸில் கட்டடம் கட்டுகிறான், அம்மா மலைக்கிராமத்தில். ஐரோப்பாவிலேயே தொலைபேசி இணைப்பு மிகக் குறைவாக இருந்த நாடு அது. மலை மலையாகக் கம்பி இழுக்க யாரிடமும் பணம் இல்லை. 1996இல் கைபேசி வந்தது, அரசு நிறுவனம் ஒன்று மட்டும். 2000இல் அதை கிரேக்க, நார்வே நிறுவனங்களுக்கு விற்றார்கள். 2001இல் வோடஃபோன் வந்தது. இரண்டே பேர் கடை விரித்த சந்தையில் விலை எங்கே இறங்கும்? 2007இல் அந்த நாட்டுப் போட்டி ஆணையம் இரண்டு நிறுவனங்களுக்கும் அபராதம் போட்டது. மூன்றாவது நிறுவனம் 2008இல்தான் வந்தது. அதுவரை அதிகக் கட்டணம் கட்டிப் பேசியவர்கள் யார்? அந்த அம்மாவும் மகனும்தான். இணையமும் அப்படியே: 2000இல் நூற்றுக்கு ஒருவரிடம்கூட இல்லை, 2005இல் ஆறு பேரிடம், 2010இல் நாற்பத்தைந்து பேரிடம். கைபேசியில் 3ஜி வந்தது 2011இல். இன்று ஐந்தில் நான்கு பேர் இணையத்தில் இருக்கிறார்கள். நாட்டின் மொத்த ஜனத்தொகையே 2023 கணக்கெடுப்பில் சுமார் 24 லட்சம்.

சரி, நீங்கள் மெச்சிய விஷயத்துக்கு வருகிறேன். அதை மெச்ச எனக்கு மனம் வரவில்லை. 2022 மே மாதம் முதல் கவுன்ட்டர்களை மூடி, ஏறக்குறைய எல்லா விண்ணப்பங்களையும் ‘இ-அல்பேனியா’ என்ற ஒரே தளத்துக்குக் கொண்டுபோனார்கள். லஞ்சத்தை ஒழிக்க என்றார்கள், நல்ல நோக்கம்தான். ஆனால் இளையவர்கள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட ஊரில் மிஞ்சியிருப்பது யார்? தாத்தாவும் பாட்டியும். கணினி தெரியாத பாட்டி ஒரு சான்றிதழ் வாங்க, தன் கடவுச்சொல்லை அடுத்தவர் கையில் கொடுக்கத்தான் வேண்டும். கவுன்ட்டரை மூடாதீர்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதிவிட்டேன், ‘முன்னேற்றத்துக்கு எதிரி’ என்று கடிதங்களும் வந்துவிட்டன. இன்னும் எழுதுவேன்.

மே மாதம் மூடினார்களா? ஜூலையிலேயே இணையத் தாக்குதல். அரசுத் தளங்களையும் சேவைகளையும் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஈரான்தான் செய்தது என்று சொல்லி, செப்டம்பர் 7ஆம் தேதி தூதரக உறவை முறித்தார்கள். ஈரான் தூதரக ஊழியர்களுக்கு 24 மணி நேரக் கெடு. அதற்கு அடுத்த சில நாள்களில் எல்லையில் ஆள் நடமாட்டத்தைப் பதிவு செய்யும் கணினி அமைப்பின்மீது இன்னொரு தாக்குதல். சோதனைச் சாவடிகளில் வண்டிகள் வரிசை கட்டி நின்றன. 2025 செப்டம்பரில் பிரதமர் எடி ராமா, அதே இ-அல்பேனியா தளத்தில் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த ‘தியெல்லா’ என்ற செயற்கை நுண்ணறிவு உதவியாளரை அரசுக் கொள்முதலுக்கான அமைச்சர் என்றே அறிவித்துவிட்டார். தியெல்லா என்றால் அவர்கள் மொழியில் சூரியன். டெண்டரில் தப்பு நடந்தால் ஊர்க்காரர்கள் யார் வீட்டு வாசலில் போய் நிற்பார்கள்?

அந்த மலைக்கிராமத்துப் பாட்டிக்கு ஒரு ஜன்னலும், அதற்குப் பின்னால் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஓர் ஆளும் வேண்டும். அதைத் திரும்பத் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால் எனக்கு எழுதுங்கள், மறு இதழிலேயே மெச்சி எழுதுகிறேன்.