எந்த நிறம் மேலே வர வேண்டும்?

கேள்வி: தக்கலை பக்கம் தையற்கடை வைத்திருக்கிறேன். அம்மன் கோயில் கொடைக்கும் தேவாலயத் திருவிழாவுக்கும் கொடி தைத்துப் பழக்கம். ஏப்ரல் 15 திருநங்கையர் தினத்துக்குக் கொடி வேண்டுமென்று திருநங்கைகள் சிலர் வந்து சொல்லியிருக்கிறார்கள். போனில் காட்டிய படத்தில் இளநீலம், ரோஸ், வெள்ளை இருந்தன. என் மகள் தேடிப் பார்த்தால் வானவில் கொடி, முக்கோணம் வைத்த கொடி என்று பலதும் வருகிறது. எது சரி? எந்த நிறம் மேலே? கடைக்கு வருகிறவர்கள் எந்தக் கட்சிக் கொடி என்று கேட்டால் என்ன சொல்ல?

பதில்: உங்கள் முதல் பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். இந்தக் கொடியைத் தலைகீழாகத் தைக்கவே முடியாது.

மேலிருந்து இளநீலம், ரோஸ், வெள்ளை, ரோஸ், இளநீலம் என்று ஐந்து பட்டைகள். கீழிருந்து எண்ணினாலும் அதே வரிசைதான். தற்செயலாக அப்படி அமைந்துவிடவில்லை. இதை வரைந்தவர் மோனிகா ஹெல்ம்ஸ். அமெரிக்கக் கடற்படையில் பணிபுரிந்த திருநங்கை. 1999-இல் வரைந்து, 2000-இல் அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் நடந்த பேரணியில் முதன்முதலாகக் கொண்டுபோனார். எப்படிப் பிடித்தாலும் கொடி சரியாகவே இருக்கும், தங்கள் வாழ்க்கையில் தாங்கள் சரியாக இருப்பதைக் கண்டடைவதை அது குறிக்கிறது என்பது அவரே தந்த விளக்கம். தேசியக் கொடியில் பச்சை மேலே போய்விட்டால் எவ்வளவு பெரிய தப்பு! அந்தப் பதற்றம் இங்கே யாருக்கும் வேண்டாம் என்று கொடியிலேயே எழுதி வைத்தமாதிரி இருக்கிறது. அந்த முதல் கொடியை அவர் 2014 ஆகஸ்டில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

நிறங்களின் பொருள் எளிது. இளநீலம் ஆண் குழந்தைக்கு, ரோஸ் பெண் குழந்தைக்கு என்பது அமெரிக்க வழக்கம். நடுவிலிருக்கும் வெள்ளை, ஒரு பாலினத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருப்பவர்கள், ஆண் பெண் என்ற இரண்டிலும் தங்களை அடைத்துக்கொள்ளாதவர்கள், ஆண், பெண் என்று திட்டமாகப் பிரிக்க முடியாத உடலமைப்போடு ஊடுபாலினராகப் பிறந்தவர்கள் ஆகியோருக்கானது. நம்மூரில் இந்த நீலம், ரோஸ் கணக்கு பழையது இல்லை. துணிக்கடைக்காரர்கள் கொண்டுவந்தது என்றே நினைக்கிறேன். பிறந்த பிள்ளையை, ஆணோ பெண்ணோ, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழைய வேட்டியில்தானே சுற்றினோம்? ஆகவே ‘இந்த நிறம் ஏன்’ என்று உங்கள் மகள் கேட்டால், அது கொடி பிறந்த ஊரின் வழக்கம் என்று சொல்லுங்கள்.

மகள் பார்த்த மற்றக் கொடிகளும் தவறல்ல, வேறு கொடிகள். வானவில் கொடி கில்பர்ட் பேக்கர் 1978-இல் சான் பிரான்சிஸ்கோவில் செய்தது. ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள் உட்படப் பால்புதுமையர், அதாவது பாலினத்திலோ ஈர்ப்பிலோ பெரும்பான்மையிலிருந்து வேறுபட்டவர்கள், எல்லாருக்கும் பொதுவானது. முதலில் எட்டுப் பட்டை இருந்தது. ஆழ்ந்த ரோஸ் துணி போதிய அளவு கிடைக்காமல் அந்தப் பட்டை போயிற்று என்பார்கள். துணிக்கடை ஏறி இறங்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு இன்னொன்றும் குறைந்து ஆறு ஆனது. அதன் இடப்பக்கத்தில் அம்புமுனை போல முக்கோணம் சேர்த்தவர் டேனியல் குவேசர், 2018-இல். அந்த முனையில் கறுப்பு, பழுப்போடு நீங்கள் தைக்கப்போகும் கொடியின் மூன்று நிறங்களும் இருக்கின்றன. மகள் குழம்பியதில் வியப்பில்லை. மஞ்சள், வெள்ளை, ஊதா, கறுப்பு என்று நான்கு பட்டையோடு ஒன்று வந்தால், அது ஆண், பெண் என்ற இரண்டுக்குள் அடங்காதவர்களுக்காக 2014-இல் உருவானது.

உங்களிடம் வந்தவர்கள் காட்டியது ஐந்து பட்டைக் கொடி. அதையே தையுங்கள். ‘வானவில் இன்னும் எடுப்பாக இருக்குமே’ என்று நீங்களாக மாற்றிவிடாதீர்கள்.

இனி அளவு. பட்டைகள் ஐந்தும் ஒரே அகலம். மூன்றடி உயரம் என்று எடுத்தால் ஒரு பட்டை 7.2 அங்குலம் வந்து தொல்லை தரும். டேப்பின் மறுபக்கத்தைத் திருப்பி 90 செ.மீ. உயரம், 150 செ.மீ. நீளம் வையுங்கள், ஒரு பட்டை சரியாக 18 செ.மீ. தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து 21 செ.மீ. வெட்டலாம். இரண்டு பக்கமும் பார்வைக்கு வரும் கொடி என்பதால் பிசிறு தெரியாமல் ஓரத்தை உள்ளே மடித்து இரட்டைத் தையல் போடுங்கள். நீலம் ஆகாய நீலமாக இருக்கட்டும், பள்ளிச் சீருடை நீலம் வேண்டாம். ரோஸும் வெளிறியதாகவே வேண்டும். காட்டன் எடுத்தால் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் முதல் மழையிலேயே நடு வெள்ளை கெட்டுவிடும். வெளியில் பறக்கப்போகிறது என்றால் பாலியஸ்டர்தான் நம் கடற்காற்றுக்குத் தாங்கும்.

கட்சிக் கொடியா என்று கேட்பவர்களுக்கு, ‘திருநங்கைகள், திருநம்பிகள் கொடி, ஏப்ரல் 15-க்கு’ என்றால் போதும். ஏன் அந்த நாள் என்று மேற்கொண்டு கேட்டால், தமிழ்நாடு அரசு 2008-இல் அவர்களுக்கென நலவாரியம் அமைத்த நாள் அது. 2014-இல் அதே தேதியில்தான், தன் பாலினத்தைத் தானே சொல்லும் உரிமை ஒருவருக்கு உண்டென்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் பேனரும் கேட்டால் எழுத்தை அவர்களையே எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய வசைச்சொல் எதுவும் தவறியும் வந்துவிடக் கூடாது.

நிகழ்ச்சியில் தேசியக் கொடியும் ஏற்றுவதாக இருந்தால் ஒன்று சொல்லி அனுப்புங்கள்: ஒரே கம்பத்தில் அதனுடன் வேறெந்தக் கொடியையும் கட்டக் கூடாது. இதற்குத் தனிக் கம்பம் வேண்டும்.

கடைசியாக, துணி வாங்கும் முன் ஒரு கணக்கு. 44 அங்குல அகலத் துணியில் நீளவாக்கில் ஐந்து பட்டை வெட்டலாம். மூன்று நிறத்திலும் 1.65 மீட்டர் எடுத்தால் இரண்டு கொடி வரும். ஒன்றுதான் கேட்டிருக்கிறார்கள் என்றால், வெட்டுவதற்கு முன் போன் போட்டு இரண்டாவதும் வேண்டுமா என்று கேட்டுவிடுங்கள்.