அலுவலகத்தில் பிரித்து வைத்த இரண்டு நெட்வொர்க்குகளுக்கு நடுவே மெயில் மட்டும் போய்வர என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவுதான்: அலுவலகப் பிரிவு ஒரு நெட்வொர்க்கில், ஆய்வுக்கூடம் இன்னொன்றில், இரண்டுக்கும் நேரடித் தொடர்பு கூடாது, ஆனால் மெயில் மட்டும் இருபக்கமும் போய்வர வேண்டும். நீங்கள் எழுதாமல் விட்டதை நான் ஊகித்துக்கொள்கிறேன். மேலே இருக்கும் ஒருவர் "மெயில் மட்டும்தானே, சின்ன வேலை" என்று சொல்லியிருப்பார். வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடுங்கள் என்றும் சொல்லியிருப்பார். நீங்கள் ஒற்றை ஆளாக இருப்பீர்கள். இதே வேலையை இதே நிலைமையில் செய்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன் என்பதால் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஒரு ரிலே சர்வர், அதாவது மெயிலை ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுக்கும் சர்வர், வையுங்கள். அது இரண்டு நெட்வொர்க்கிலும் சேராமல், பயர்வாலில் (நெட்வொர்க்குகளுக்கு நடுவே எதை விடலாம் என்று தீர்மானிக்கும் பெட்டி) தனி இன்டர்ஃபேஸில் மூன்றாவது செக்மென்ட்டாக, தனி நெட்வொர்க் துண்டாக, இருக்கட்டும். பயர்வாலில் நான்கே விதிகள் போதும். அலுவலக மெயில் சர்வரிலிருந்து ரிலேயின் போர்ட் 25-க்கு (சர்வர்கள் மெயில் வாங்கும் வாசல்) ஒன்று, ஆய்வுக்கூட மெயில் சர்வரிலிருந்து அதே இடத்துக்கு ஒன்று, ரிலேயிலிருந்து அந்த இரண்டு சர்வர்களின் போர்ட் 25-க்கு ஒவ்வொன்று. அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு நேராக ஒரு விதிகூட வேண்டாம். மெயில் என்பது வாங்கி வைத்துக்கொண்டு அப்புறம் அனுப்பும் சமாசாரம். இரண்டு பக்கமும் ஒன்றையொன்று நேரில் பார்க்கவே தேவையில்லை. ஒரு பக்கம் படுத்துவிட்டாலும் ரிலே தன் கியூவில் (காத்திருப்பு வரிசையில்) வைத்திருக்கும்; போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருளாக இருந்தால், மாற்றாமல் விட்ட அமைப்பில், 5 நாள் வரை முயன்று பார்த்துவிட்டுத்தான் அனுப்பியவருக்கே திருப்பும்.

இதைப் படித்ததும் "எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டால் முடிந்தது" என்று சொல்ல ஒருவர் வருவார். ஐயா, இணையமே போகக் கூடாத ஒரு நெட்வொர்க்கைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். "போஸ்ட்ஃபிக்ஸ் எதற்கு, எக்ஸிம் இருக்கிறதே" என்று இன்னொருவர் வருவார். இருக்கட்டும், நல்ல மென்பொருள்தான். எனக்குக் கைப்பழக்கம் போஸ்ட்ஃபிக்ஸில், அதனால் அதை வைத்துச் சொல்கிறேன்.

எந்த மெயில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை டிரான்ஸ்போர்ட் மேப் என்ற கோப்பில் எழுதுவீர்கள். ஒரு வரியில் டொமைன் பெயர், அதற்கு எதிரே அடுத்த சர்வரின் முகவரி. அந்த முகவரியைச் சதுர அடைப்புக்குறிக்குள் போட மறக்காதீர்கள். அடைப்புக்குறி இருந்தால் போஸ்ட்ஃபிக்ஸ் நேராக அந்த சர்வருக்குப் போகும். சர்வர் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் எழுதினால் அந்தப் பெயருக்கு டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) எம்எக்ஸ் பதிவு, அதாவது அதற்கு வரும் மெயிலை எந்த சர்வர் வாங்கும் என்ற குறிப்பு, இருக்கிறதா என்று தேடும். சில இடங்களில் அந்த எம்எக்ஸ் இந்த ரிலேயையே காட்டும். உடனே லாகில் (சர்வரின் பதிவேட்டில்) "லூப்ஸ் பேக் டு மைசெல்ஃப்", எனக்கே திரும்பி வருகிறது, என்று ஒரு வரி வந்து நிற்கும். நான் இதில் ஒரு பகல் முழுவதையும் தொலைத்திருக்கிறேன். கோப்பை மாற்றிய பிறகு, அதைப் போஸ்ட்ஃபிக்ஸ் படிக்கும் வடிவுக்கு மாற்றும் போஸ்ட்மேப் கட்டளையை ஓட்ட மறந்துவிட்டு "ஏன் மாறவே இல்லை" என்று இன்னொரு அரைநாள் போனது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

எங்கள் இடத்திலும் உங்களைப் போலவே இரண்டு செக்மென்ட். ஆய்வுக்கூடப் பக்கம் 10.20 என்று தொடங்கும் முகவரிகள், அலுவலகப் பக்கம் 192.168.10. நடுவில் 172.16.5 என்ற செக்மென்ட்டில் என் ரிலே. வெளியுலகத்திலிருந்து வரும் மெயிலையும் அதே பெட்டியே வாங்கட்டும் என்று முடிவு செய்திருந்தோம். இன்னொரு சர்வர் கேட்டேன், கிடைக்கவில்லை. அதனால் பயர்வால் வெளியிலிருந்து போர்ட் 25-க்கு வருவதை என் ரிலேக்குத் திருப்பிவிடும்.

யாருக்காக ரிலே செய்யலாம் என்பதைப் போஸ்ட்ஃபிக்ஸில் மைநெட்வொர்க்ஸ் என்ற வரிதான் முக்கியமாகத் தீர்மானிக்கிறது. அந்த வரியில் இருக்கும் முகவரியிலிருந்து வந்தால், உலகத்தில் யாருக்கு எழுதினாலும் கேள்வி கேட்காமல் வாங்கி அனுப்பும். நான் அதில் மூன்று செக்மென்ட்டையும் முழுசாக எழுதி வைத்திருந்தேன். சோம்பேறித்தனம் என்று சொல்லலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஸ்கேனர்களும் அளவெடுக்கும் கருவிகளும் இருந்தன; அவற்றில் பாதிக்கு யூசர்நேம் பாஸ்வேர்டு கொடுத்து மெயில் அனுப்பவே தெரியாது, முகவரியும் அடிக்கடி மாறும். ஒவ்வொன்றையும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. ரிலே இருந்த 172.16.5 செக்மென்ட்டையும் சேர்த்தது ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. "நம்ம இடம்தானே" என்று சேர்த்தேன்.

இரண்டு வருடம் ஓடியது. பிறகு பயர்வாலை மாற்றினார்கள். புதுசைப் பொருத்த வெளியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். வெள்ளிக்கிழமை மாலை. போர்ட் திருப்பும் விதியை எழுதிப் பார்த்ததும் வெளி மெயில் வரவில்லை. காரணம் என் ரிலேயின் டீஃபால்ட் ரூட் (வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கான வழி) இன்னும் பழைய பயர்வாலைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் பாக்கெட் வேறு வழியில் போய்க் காணாமல் போயிற்று. அவர் ரூட்டைத் தேடிக்கொண்டிருக்கவில்லை. அந்த விதியில் சோர்ஸ் நாட் என்ற ஒரு கட்டத்தில் டிக் போட்டார். மெயில் வந்துவிட்டது. எல்லாரும் கிளம்பிவிட்டோம்.

அந்த டிக் என்ன செய்கிறது தெரியுமா? வெளியிலிருந்து யார் வந்தாலும் அவருடைய முகவரியை அழித்துவிட்டு, பயர்வாலின் சொந்த முகவரியைப் போட்டு உள்ளே அனுப்புகிறது. என் ரிலேயின் கண்ணுக்கு உலகம் முழுவதும் 172.16.5.1 என்ற ஒரே ஆளாகத் தெரிந்தது. அந்த ஆள் மைநெட்வொர்க்ஸ் வரிக்குள் இருந்தார். ஸ்பேம் அனுப்புபவர்கள் போர்ட் 25 திறந்திருக்கும் சர்வர்களை ஓயாமல் தட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

திங்கள் காலை முதல் போன்: "வெளிய அனுப்புற மெயில் எல்லாம் திரும்பி வருது." லாகைத் திறந்தேன். திரை நிறைய, வரிக்கு வரி, "கனெக்ட் ஃப்ரம் அன்னோன் 172.16.5.1". கீழே போகப் போக அதே வரி, நேரம் மட்டும் ஒரு நொடி, அரை நொடி என்று நகர்கிறது. அனுப்புபவர் பெயரெல்லாம் எங்கள் ஆட்களே இல்லை. கியூ எவ்வளவு என்று பார்க்க மெயில்கியூ கட்டளையை அடித்தேன். அது பட்டியல் போட்டுக்கொண்டே இருந்தது, கடைசி வரியில் எண்ணிக்கை வருவதற்குள் இன்னும் மூன்று போன் வந்துவிட்டது.

"வேகக் கட்டுப்பாடு வைக்கவில்லையா?" என்று நீங்கள் கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன், வைத்திருந்தேன். ஒரு முகவரியிலிருந்து இவ்வளவு நேரத்தில் இவ்வளவு மெயில்தான் என்று எண் கொடுத்திருந்தேன். அது ஏன் வேலை செய்யவில்லை என்று அன்றைக்குத்தான் ஆவணத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். மைநெட்வொர்க்ஸ் வரியில் இருப்பவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தாது. நாம் மாற்றாமல் விட்டால் அதுதான் நடைமுறை. வீட்டு ஆளுக்குப் பூட்டு எதற்கு என்ற நினைப்புதான் அதிலும்.

கியூ முழுவதையும் அழிக்க ஒரே கட்டளை போதும். ஆனால் நடுநடுவே எங்கள் ஆட்களின் உண்மையான மெயில்களும் சிக்கியிருந்தன. அதனால் முதலில் எல்லாவற்றையும் ஹோல்டில் போட்டு நிறுத்தினேன். பிறகு அனுப்புநர் பெயரை வைத்துப் பிரித்து, எங்கள் டொமைனில் இருந்தவற்றை மட்டும் விடுவித்தேன். அதிலும் எங்கள் டொமைன் பெயரையே போலியாகப் போட்ட ஸ்பேம் கொஞ்சம் இருந்தது. அவற்றைக் கையால் பொறுக்கினேன். அதற்குள் எங்கள் வெளி முகவரி பிளாக்லிஸ்ட்டுகளில் (ஸ்பேம் அனுப்பும் முகவரிகளின் கறுப்புப் பட்டியல்களில்) ஏறிவிட்டது. ஏறுவதற்கு ஒரு ராத்திரி, இறங்குவதற்கு ஒரு வாரம்.

விசாரணை அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் "ரிலே சர்வர் அமைப்பில் மனிதத் தவறு" என்று எழுதினார்கள். மனிதன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். பயர்வாலில் போட்ட அந்த டிக்கைப் பற்றி அறிக்கையில் ஒரு வார்த்தை இல்லை. என் மேல் தவறே இல்லை என்று நான் சொல்லவில்லை. மைநெட்வொர்க்ஸ் வரியை நான்தான் எழுதினேன், ரூட்டை மாற்றச் சொல்லியிருக்க வேண்டியதும் நான்தான். ஆனால் பாதித் தவறுக்கு முழுப் பெயர் வாங்கியதைத்தான் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

ஒரு நியாயத்துக்கு இதையும் சொல்ல வேண்டும். சர்வருக்குச் சர்வர் மெயில் கொடுக்கும் எஸ்எம்டிபி என்ற இந்த முறையே நம்பிக்கையில் பிறந்தது. 1982-இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற, அந்த முறையை வரையறுத்த ஆவணத்தில் அனுப்புபவர் யார் என்று உறுதிசெய்ய எந்த வழியும் கிடையாது. அதற்கான விரிவாக்கம் தனி ஆவணமாக வந்ததே 1999-இல்தான். சென்ட்மெயில் மென்பொருள் 1998-இல் 8.9 பதிப்பு வரும்வரை, நிறுவிய நிலையிலேயே யார் கொடுத்தாலும் வாங்கி ரிலே செய்தது. அடுத்தவர் மெயிலைக் கடத்திவிடுவது அப்போது மரியாதையாக இருந்தது. நான் தெரியாமல் அந்தக் காலத்துக்குத் திரும்பிவிட்டேன், அவ்வளவுதான்.

மரியாதை என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கேள்விக்குச் சம்பந்தமில்லை, வேண்டாமென்றால் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். இந்தக் கூத்து முடிந்த அடுத்த மாதமே சட்டப் பிரிவிலிருந்து ஒரு கோரிக்கை: வெளியே போகும் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் "இந்த மெயில் உங்களுக்கானது இல்லையென்றால் உடனே அழித்துவிடவும்" என்று எட்டு வரி சேர்க்க வேண்டுமாம், ரிலேயிலேயே. மெயிலின் உடம்பில் ஒரு எழுத்து கூடினாலும் உள்ளே சர்வர் போட்ட டிகேஐஎம் கையொப்பம் (மெயில் வழியில் மாறவில்லை என்பதற்கான முத்திரை) செல்லாமல் போகும், வாங்குபவர் பக்கம் நம்மைச் சந்தேகப்படுவார்கள் என்று எடுத்துச் சொன்னேன். "அதெல்லாம் டெக்னிக்கல் விஷயம்" என்றார்கள். கடைசியில் கையொப்பமிடும் வேலையையே ரிலேக்கு மாற்றினேன். இப்போது "சரி" என்று ஒரே வார்த்தையில் போகும் பதிலுக்கும் கீழே எட்டு வரி. பத்து முறை போய்வந்த கடிதத்தில் எண்பது வரி. படித்துவிட்டு மெயிலை அழித்த ஒரு மனிதரையாவது யாராவது பார்த்திருக்கிறீர்களா?

உங்கள் வேலைக்கு வருவோம். மைநெட்வொர்க்ஸ் வரியில் செக்மென்ட்டை எழுதாதீர்கள். இரண்டு மெயில் சர்வர்களின் முகவரிகளை ஒற்றையாக, /32 (அந்த ஒரு முகவரி மட்டும் என்று அர்த்தம்) போட்டு எழுதுங்கள். ஸ்கேனர் போன்றவை தம் பக்கத்து மெயில் சர்வரிடமே கொடுக்கட்டும், அது ரிலேயிடம் கொடுக்கும். பயர்வாலின் எந்த முகவரியும் அந்த வரிக்குள் வரக் கூடாது. வெளி மெயிலை வாங்க வேறு பெட்டி கிடைத்தால் சண்டை போட்டாவது வாங்கிவிடுங்கள்.

ஆய்வுக்கூடப் பக்கம் இன்னொரு தொல்லை வரும். அங்கே டிஎன்எஸ் எட்டாது. இணைப்பு வந்ததும் எதிராளியின் பெயர் என்ன என்று போஸ்ட்ஃபிக்ஸ் டிஎன்எஸ்ஸைக் கேட்டுவிட்டுத்தான் 220 (மெயில் சர்வரின் வரவேற்பு எண்) என்று வாயைத் திறக்கும். டிஎன்எஸ் பதில் சொல்லாவிட்டால் காத்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, "கனெக்ஷன் ஃபெயில்டு" என்று காட்டிவிட்டுப் போய்விடும். நீங்கள் பயர்வாலைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பீர்கள். உள் முகவரிகளுக்கு ரிவர்ஸ் பதிவு (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) போட்டு டிஎன்எஸ் கொடுங்கள், அல்லது அந்தப் பெயர் தேடலை நிறுத்துங்கள். சின்ன மெயில் போகிறது, அட்டாச்மென்ட் வைத்தது தொங்குகிறது என்றால் பயர்வாலில் ஐசிஎம்பியை ("பாக்கெட் பெரிது, சின்னதாக அனுப்பு" போன்ற தகவல்களைக் கொண்டுவருவது) மொத்தமாக அடைத்துவிட்டார்களா என்று பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதித்துப் பார்ப்பீர்கள். நான் உள்ளே உட்கார்ந்துகொண்டு சோதித்தேன், அது சோதனையே இல்லை. ரிலே எந்த வகையிலாவது இணையத்தைப் பார்க்கிறது என்றால் அலுவலக நெட்வொர்க்கை விட்டு வெளியே வந்து, வேறொரு இணைப்பிலிருந்து போர்ட் 25-க்கு டெல்நெட் (சர்வரோடு கையால் தட்டிப் பேசும் கட்டளை) அடியுங்கள். அந்த இணைப்பே போர்ட் 25-ஐ அடைத்திருந்தால் வேறு இணைப்பு தேடுங்கள். ஹலோ சொல்லி, அனுப்புநராக ஏதோ ஒரு வெளி முகவரியையும், பெறுநராக உங்களுடைய இன்னொரு வெளி முகவரியையும் கொடுங்கள். 554 அல்லது 454 என்று தொடங்கி "ரிலே ஆக்சஸ் டினைடு", ரிலே செய்ய அனுமதி இல்லை, என்று வர வேண்டும். அப்போது லாகில் உங்கள் உண்மையான வெளி முகவரி தெரிகிறதா, பயர்வாலின் முகவரி தெரிகிறதா என்றும் பாருங்கள். பயர்வாலை யாராவது தொட்ட ஒவ்வொரு முறையும் இதையே திரும்பச் செய்யுங்கள், வெள்ளிக்கிழமை மாலையாக இருந்தாலும். பெறுநர் முகவரிக்குப் பதில் 250, சரி, என்று வந்தால் முதலில் ரிலேயின் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், மைநெட்வொர்க்ஸ் வரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.