மெத்தென்ற நடை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு வருடமாகக் குதிரையேற்றம் கற்கிறேன். ஏறியதெல்லாம் பயிற்சிப் பள்ளிக் குதிரைகள்தான். இடுப்புவலி வந்தபிறகு டிராட் என்கிற குலுங்கும் ஓட்டத்தில் உட்கார முடிவதில்லை. சமீபத்தில் ஒரு விற்பனை அறிவிப்பைப் பார்த்தேன். ஒன்பது வயதுப் பெண்குதிரை, மெத்தென்ற நடை, காட்டுப்பாதைக்குப் பழகியது, 'அனுபவமுள்ளவருக்கு மட்டும்'. இவ்வளவு சுகமான குதிரைக்கு எதற்கு அனுபவம்? வாங்கலாமா?

ச.

அன்புள்ள ச.,

மெத்தென்ற நடை என்றால் சாதுவான குதிரை என்று எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன்.

டிராட்டில் குறுக்காக இரண்டு கால்கள் சேர்ந்து விழும். ஒரு ஜோடி எழும்பி அடுத்தது இறங்குவதற்குள் நான்கு காலும் ஒரு கணம் அந்தரத்தில் இருக்கும். நம்மைத் தூக்கிப் போடுவது அந்தக் கணம்தான். டென்னசி வாக்கர், பாஸோ ஃபினோ, ஐஸ்லாந்துக் குதிரை போன்ற இனங்களின் சிறப்பு நடையில் கால்கள் ஒவ்வொன்றாக விழும், ஏதாவது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். அதனால் குலுக்கல் இல்லை. நிறைந்த குவளையைக் கையில் ஏந்திச் சிந்தாமல் சவாரி செய்வதை ஐஸ்லாந்துக் குதிரைக்காரர்கள் வேடிக்கைப் போட்டியாகவே நடத்துவார்கள். இந்த நடைக்குக் காரணமான டிஎம்ஆர்டி3 மரபணு மாற்றத்தை 2012-ல் கண்டுபிடித்தார்கள். தண்டுவடத்தில் கால்களை ஒத்திசைக்கும் நரம்புகளோடு தொடர்புடையது அது. புதரிலிருந்து ஒரு பறவை படபடவென்று எழுந்தால் குதிரை என்ன செய்யும் என்பது வேறு சங்கதி.

'அனுபவமுள்ளவருக்கு மட்டும்' என்பதற்கு நல்ல அர்த்தமும் உண்டு: துடிப்பான குதிரை, காலை லேசாக அழுத்தினாலே பாயும், தடுமாறுகிற கையைப் பொறுக்காது. இன்னொரு அர்த்தம், விற்பவருக்கே அதன்மேல் ஏறப் பயம். எது என்று அறிவிப்பில் தெரியாது. "கடைசியாக யாரைக் கீழே தள்ளியது, எப்போது?" என்று நேராகக் கேளுங்கள். பதிலைவிட, பதில் வருவதற்கு எடுக்கும் நேரம் முக்கியம்.

நான் வாங்கிய முதல் குதிரை தண்ணீர்மேல் போவதுபோலப் போகும். வாங்குவதற்குமுன் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன், விற்றவர் இன்னொரு குதிரையில் கூடவே வந்தார். கூட வந்தது மரியாதைக்கு என்று நினைத்துக்கொண்டேன். கொண்டுவந்த மறுநாள் தனியாகக் கிளம்பினால் வாசல் தாண்டவில்லை. சுழன்றது, பின்னால் நகர்ந்தது, கடைசியில் முன்னங்காலைத் தூக்கியது. துணை இல்லாமல் அது எங்கேயும் போனதே இல்லை! அதைச் சரிசெய்ய எட்டு மாதம் ஆயிற்று, என்னால் அல்ல, ஒரு பயிற்சியாளரால்.

ஆகவே சொல்லாமல் கொஞ்சம் முன்னதாகப் போய் நில்லுங்கள். ஏற்கெனவே சேணம் பூட்டி, வேர்த்து நிற்கிற குதிரையைக் காட்டினால், முன்பே ஓட்டிக் களைக்க வைத்திருக்கலாம், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். மேய்ச்சலில் பிடிப்பதிலிருந்து பார்க்க வேண்டும். முதலில் உரிமையாளர் ஏறட்டும். பிறகு துணையில்லாமல், லாயத்தைவிட்டு விலகிப் போகிற பாதையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது வேகம் கூடுகிறதா என்பதையும் கவனியுங்கள். இறக்கத்தில் நடை கலைகிறதா என்றும் பார்க்க வேண்டும், சில குதிரைகள் அங்கேதான் குலுக்கத் தொடங்கும்.

மருத்துவப் பரிசோதனையில் ஒரு சிக்கல் உண்டு. நொண்டலைப் பிடிக்க மருத்துவர்கள் டிராட்டில் ஓடவிட்டுத் தலையைப் பார்ப்பார்கள். வலிக்கிற முன்னங்கால் தரையில் படும்போது தலை மேலே போகும். டென்னசி வாக்கரோ இயல்பாகவே அடிக்கு அடி தலையாட்டும். இந்த வகைக் குதிரைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர்தான் வேண்டும்.

வாங்கலாமா என்றால், இந்தக் குதிரையை நீங்கள் தனியாகப் போய் முடிவுசெய்ய வேண்டாம். நான்கு வருடம் குறைவில்லை, ஆனால் அது வேலிக்குள் ஓடிய நான்கு வருடம். இடுப்பு வேறு வலிக்கிறது, விழுந்தால் என்ன ஆகும் என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். இதே நடையில் பதினைந்து வயது தாண்டிய நிதானமான குதிரை கிடைத்தால் எனக்கு அதுதான் சம்மதம். இதையே பார்ப்பதென்றால் உங்கள் பயிற்சியாளரைக் கூட்டிப்போய் ஏறச் சொல்லுங்கள். அவர் இறங்கியதும் "நீங்கள் ஏறுங்கள்" என்று உடனே சொல்கிறாரா, அல்லது முதலில் கால் வைக்கிற அங்கவடியைச் சரிசெய்கிற சாக்கில் யோசிக்கிறாரா என்று பாருங்கள்.