கைக்கடிகாரச் சர்வீஸைத் தொழிலாகக் கொள்ளலாமா? தேவகோட்டைத் தாய்க்கு ஒரு பதில்

மதிப்பிற்குரிய ஆச்சி அவர்களுக்கு,

பிளஸ் டூ முடிக்கவிருக்கும் தம்பி, விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைச் சர்வீஸ் செய்யும் தொழிலைக் கற்க விரும்புவதாகவும், கடைத்தெருவில் பேட்டரி மாற்றுபவரின் வருமானத்தை நினைத்துத் தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அச்சம் நியாயமானதே. ஆனால் தம்பி கேட்பது அந்த வேலையை அன்று.

பேட்டரியில் ஓடும் மலிவான குவார்ட்ஸ் கடிகாரம் பழுதானால், மூவ்மென்ட் எனும் உள் இயந்திரத்தையே மாற்றிவிடுவார்கள். அதில் கைவேலை குறைவு. சாவி கொடுக்கும் கடிகாரமும், கையசைவிலேயே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கும் அப்படியல்ல. மெயின்ஸ்பிரிங் எனும் சுருள்வில்லின் விசையை எஸ்கேப்மென்ட் எனும் பல்சக்கர அமைப்பு சிறிது சிறிதாக விடுவிக்க, ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் வீல் இக்கால மூவ்மென்ட்கள் பலவற்றில் மணிக்கு 28,800 முறை இங்குமங்கும் திரும்புகிறது. உராயும் இடங்களிலுள்ள எண்ணெய் காலப்போக்கில் உலர்ந்துவிடுவதால், நன்றாக ஓடும் கடிகாரத்துக்கும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வீஸ் வேண்டும். ரோலெக்ஸ் ஏறத்தாழ 10 ஆண்டுகள் என்கிறது. முழுவதும் பிரித்து, அல்ட்ராசோனிக் கருவியில் கழுவி, தேய்ந்ததை மாற்றி, ஒவ்வோர் இடத்துக்கும் உரிய எண்ணெயை ஊசிமுனையளவு இட்டுப் பூட்டிய பிறகு, கடிகாரத்தைப் பல கிடைகளில் வைத்து டைம்கிராஃபர் எனும் அளவுகருவியில் ஓட்டத்தைச் சரிபார்த்து, நீர் புகுகிறதா என்றும் சோதிப்பார்கள். துல்லியமான கடிகாரங்களுக்குச் சுவிட்சர்லாந்தில் தரப்படும் குரோனோமீட்டர் சான்றிதழுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 விநாடி பின்னும் 6 விநாடி முன்னும்தான் அனுமதி என்றால், இந்த மேசையில் எதிர்பார்க்கப்படும் நுட்பம் விளங்கும்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. சுவிஸ் நிறுவனங்கள் பல, அசல் உதிரிபாகங்களைத் தாம் அங்கீகரித்த சர்வீஸ் மையங்களுக்கே தருகின்றன. ஆகையால் காரைக்குடியில் தனிக்கடை வைத்து இவ்வேலையைச் செய்துவிடலாம் என்று தம்பி எண்ணியிருந்தால், அதை நான் ஆதரிக்கமாட்டேன். சென்னையிலோ பெங்களூரிலோ ஒரு மையத்தில் பயிற்சியாளராகச் சேர்வதே நடைமுறை வழி. அதற்கு முன் கையில் ஒரு தகுதி இருப்பது நல்லது. பிளஸ் டூவில் கணிதமும் அறிவியலும் படித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மெக்கானிக்கல் டிப்ளமோ 2 ஆண்டுகளில் முடிந்துவிடும். மனம் மாறினால் அதைக்கொண்டே பி.இ. இரண்டாம் ஆண்டுக்கும் போகலாம் என்பதால், தாங்கள் அஞ்சும் அளவுக்கு இழப்பில்லை. ஓசூர் டைட்டன் ஆலை போன்ற துல்லியத் தொழில்களையும் அந்தப் படிப்பை வைத்து அணுகலாம்.

விடுமுறையில் ஒரு பழைய எச்.எம்.டி. ஜனதாவை வாங்கிக்கொடுங்கள், உராய்வைக் குறைக்கும் 17 கற்கள் கொண்ட, சாவி கொடுக்கும் எளிய கடிகாரம். தம்பி அதைப் பிரித்துப் பூட்டட்டும். முதல் முறையே ஓடுகிறதா என்பது முக்கியமன்று. பேலன்ஸ் வீலோடு இணைந்த மெல்லிய ஹேர்ஸ்பிரிங் சிக்கிக்கொண்டாலோ, ஒரு திருகு தெறித்துத் தரையில் காணாமற்போனாலோ, மறுநாளும் மேசைக்கு வந்து உட்காருகிறாரா என்று கவனியுங்கள். ஐயா காலத்தில் ரங்கூனிலிருந்து வந்த கடிகாரங்கள் வீட்டிலிருந்தால், அவற்றை இப்போதைக்குத் திறக்க விடவேண்டாம். 1960களுக்கு முந்தைய ஒளிரும் முகப்புகளில் ரேடியம் பூசியிருக்கக்கூடும். பூச்சு ஒளிர்வதை நிறுத்திய பின்னரும் கதிரியக்கம் தொடரும், சுரண்டினால் தூள் மூச்சில் போகும்.

ஜனதா எப்படிப் போகிறது என்பதை, பாலிடெக்னிக் விண்ணப்பம் தொடங்குமுன் எனக்கு எழுதுங்கள்.